குதிரைப் பட்டியில் கட்டிய தோரணம்

குதிரைக்காரக் கஸ்பர் எனக்கு ஆயிரத்து இருநூறு பவுண் தரவேண்டியிருந்தான்.

அது கைமாற்றாகக் கொடுத்த காசல்ல, சீட்டுக் காசு. லண்டனின் தெற்கே, சட்டனில் முப்பது வருடமாகச் சீட்டுப் பிடிக்கும் தாச்சி நான். மாதம் பிறந்தால் இருபது பேர் பங்குக் காசு கட்டுவார்கள். அவசரம் உள்ளவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய், மிச்ச மாதங்களுக்குத் தன் பங்கைக் கட்டி முடிப்பார். ஒருவர் கட்டாமல் விட்டால் அந்த ஓட்டையைத் தாச்சிதான் தன் காசைப் போட்டு அடைக்கவேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட இந்தக் குலசேகரம் பிடித்த சீட்டில் இன்றுவரை ஒருவரும் ஒரு பென்ஸ்கூட இழந்ததில்லை. பெரிய பட்டம் பெற்றவர்கள் நடத்திய சீட்டெல்லாம் நடுவழியில் முறிந்து, ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போன கதைகள் இந்த ஊரில் நிறைய உண்டு. என் சீட்டு முறியாததற்குக் காரணம், காசு விஷயத்தில் நான் முகம் பார்ப்பதில்லை. கஸ்பருக்கும் பார்க்கவில்லை.

கஸ்பர் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள். மீசை அரும்பிய வயதில் ஜெர்மனிக்குப் போய் அகதியாகப் பதிந்தவன். அங்கே அவனுக்குக் கிடைத்த வேலை ஒரு குதிரை ஓட்டப் பழக்கும் பள்ளியில் லாயம் கூட்டுவது. கடற்கரையில் பிறந்தவன், குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்தவன். இருபது வருடம் அங்கே சாணி அள்ளி, குளம்பு துப்புரவாக்கி, கடைசியில் முரட்டுக் குதிரை என்றால் கஸ்பரைத்தான் கூப்பிடுவார்களாம். பிறகு மகள் பெனிற்றாவை ஆங்கிலத்தில் படிப்பிக்கவேண்டும் என்று ஜெர்மன் பாஸ்போட்டோடு லண்டன் வந்து, என் கடையில் மரக்கறிப் பெட்டி இறக்கினான். என் கடைகள் மூன்று. மூன்றையும் நானே கட்டினேன், முதல் கடைக்கு ஒரு பழைய பிரிட்ஜைத் தோளில் சுமந்து வந்த நாளில் இருந்து.

ஒருநாள் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அண்ணை, இந்த மாதச் சீட்டை நான் எடுக்கட்டோ?"

"எடு. என்ன, வீட்டுக்கு டெப்பொசிற்றோ?"

"இல்லையண்ணை. ஒரு குதிரை வாங்கப் போறன்."

கடையில் நின்ற சனம் முழுவதும் சிரித்தது. நானும் விடவில்லை. "டேய், குருநகரான் மீன் பிடிப்பான் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நீ சட்டனிலை நிண்டு குதிரை பிடிக்கப் போறியோ?"

"மீனைக் கலியாண ஊர்வலத்திலை விடேலாதண்ணை. குதிரையை விடலாம்."

அவன் சொன்னது சரி. குஜராத்திக்காரரும் பஞ்சாபிக்காரரும் மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றினார்கள். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்களும் ஏறத் தொடங்கினார்கள். கஸ்பர் ஒரு சந்தையில் வெள்ளைப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கி வந்தான். கட்டையான கால், மயிர் அடர்ந்த குளம்பு, பெருத்த வயிறு. லீனா என்று பெயர் வைத்தான். அவளோடு அவன் ஜெர்மன் மொழியில்தான் கதைப்பான். தமிழ் கோவிக்கத்தான் வருகிறதாம், ஆறுதல் சொல்ல ஜெர்மன்தான் வருகிறதாம்.

இரண்டு கோடை நன்றாக ஓடியது. பிறகு நோய்க் காலம் வந்து கலியாணங்கள் நின்றன. கலியாணம் நின்றாலும் குதிரை தின்னும். வைக்கோலுக்கும் வயல் வாடகைக்கும் கொடுத்துக் கொடுத்து, கஸ்பர் என் சீட்டுக் காசைத் தவறவிட்டான். ஓட்டையை நான் அடைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தந்து, மிச்சம் ஆயிரத்து இருநூறில் வந்து நின்றது.

அதற்கு ஈடாக அவனிடம் நான் வாங்கி வைத்திருந்தது லீனாவின் பாஸ்போட். இந்த நாட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போட் உண்டு. எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் கிடைக்கப் பதின்மூன்று வருடம் சென்றது. குதிரைக்குப் பிறந்த கையோடு கொடுத்துவிடுகிறார்கள். அது இல்லாமல் குதிரையை விற்கவும் ஏலாது, வண்டியில் ஏற்றவும் ஏலாது. ஜூலை முடிவுக்குள் காசு வராவிட்டால் லீனாவை விற்று எடுப்பது என்று பேச்சு. வியாபாரியையும் நானே பிடித்து வைத்தேன். திங்கட்கிழமை காலையில் லொறி வரும் என்றேன். கஸ்பர் தலையைக் குனிந்துகொண்டு "ஓம் அண்ணை" என்றான்.

அந்தத் திங்களுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஹரோவில் ஒரு கலியாணம் அவனுக்குக் கிடைத்தது. மாப்பிள்ளையின் தாய் அருமைநாயகி பேசிய கூலியும் ஆயிரத்து இருநூறு. ஆனால் அவர் முன்காசு தரவில்லை. "குதிரை என்ர பிள்ளையைக் கொண்டுவந்து மண்டபத்திலை இறக்கட்டும், உடனை எண்ணித் தாறன்" என்றாராம். ஆகவே கணக்கு நேரானது. லீனா ஞாயிறு நடந்தால் கஸ்பருக்கு லீனா. நடக்காவிட்டால் லொறி.

லீனா நிற்பது சட்டனுக்குத் தெற்கே ஒரு வயலில். ஹரோ லண்டன் நகரத்தின் மற்றத் தொங்கல், வடக்கு முனை. காலையில் மோட்டார்வேயில் ஏற்றிக்கொண்டு ஓடினால் வேர்த்து விறுவிறுத்து இறங்குவாள், மேளச் சத்தத்துக்கு வெருளுவாள். அதனால் தூரக் கலியாணம் என்றால் கஸ்பர் முதல் நாளே போய், குதிரையோடு கூடாரம் அடித்துத் தங்குவான். அதற்கென்றே இந்த நாட்டில் முகாம்கள் இருக்கின்றன. கூடாரம் போடும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் மரச்சட்டம் அடித்த ஒரு பட்டி. மனிதன் இந்தப் பக்கம் படுப்பான், குதிரை அந்தப் பக்கம் நிற்கும். ஹரோவுக்கு வடக்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், டயனா என்ற வெள்ளைக்காரப் பெண் அப்படி ஒரு முகாம் வைத்திருந்தாள்.

குதிரை போகும் வண்டியில் பாஸ்போட்டும் போகவேண்டும், அது சட்டம். கஸ்பர் வந்து கேட்டான். நான் கொடுக்கவில்லை.

"நான் என்ன அண்ணை, குதிரையோடை ஜெர்மனிக்கு ஓடவோ போறன்?"

"கனடாவுக்கு ஓடினவங்களும் இப்பிடித்தான் கேட்டவங்கள்."

"அப்ப நீங்களும் வாங்கோ. கூடாரம் பெரிசு."

இப்படித்தான் எழுபத்திரண்டு வயதில், பாஸ்போட்டை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் குதிரையோடு முகாமுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலையில் போய் இறங்கினோம். மற்றப் பட்டிகளில் வெள்ளைக்காரப் பெண்கள் தங்கள் குதிரைகளை உருவிக்கொண்டிருந்தார்கள். வாசல் பலகையில் விதிகள். சாணியை அள்ளு, வேகமாக ஓட்டாதே, அடுத்தவர் குதிரைக்குத் தீனி கொடுக்காதே. கஸ்பர் முதலில் லீனாவுக்குத் தண்ணீர் வைத்தான், சட்டனில் இருந்து பிளாஸ்ரிக் கானில் கொண்டுவந்த தண்ணீர். புது இடத்துத் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் நிற்பாளாம்.

"சட்டன் தண்ணி குடிக்கிறவ, ஹரோத் தண்ணி குடிக்கமாட்டாவோ?"

"உங்களை மாதிரித்தான் அண்ணை. ஹரோவிலை ரீ குடிச்சாலும் சரியில்லை எண்டுதானே சொல்லுவியள்."

பிறகு அவள் கழுத்துவாரில் ஒரு சின்ன மணியைக் கட்டினான். கூடாரத்துக்குள் கிடந்தாலும் அவள் அசைவது கேட்கவேண்டும் என்பான். காஸ் அடுப்பில் சோறு வைத்தோம், மாசிச் சம்பலோடு சாப்பிட்டோம். சாப்பாடு முடிய, நிலத்தில் பரப்ப வைக்கோல் வாங்க என்று கஸ்பர் தள்ளுவண்டியோடு டயனாவின் கொட்டிலுக்குப் போனான்.

அவன் போன கையோடு அருமைநாயகி காரில் வந்து இறங்கினார். அறுபது வயது இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று உழைத்து ஒற்றை மகனை வளர்த்த மனுசி. நாளைக்கு நல்ல நேரத்தில் குதிரை புறப்படும் இடம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று, காரின் பின்பெட்டியில் இருந்து நீளமான தோரணம் ஒன்றை எடுத்தார்.

"அண்ணை, அந்த நுனியை ஒருக்காப் பிடியுங்கோ."

பட்டியின் வாசல் படலையிலும் மேல்சட்டம் நீளத்துக்கும் கட்டினார். பச்சைப் பசேல் என்று, மடித்துக் குத்திய இலைகள். லண்டனில் மாவிலைக்கு எங்கே போவது? மாவிலைபோலவே நீண்டு மினுங்கும் ஒரு இலை இங்கே வேலிகளில் நிற்கிறது, லோரல் என்று சொல்வார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைத்தான் ஒடித்து வாசலுக்குக் கட்டுகிறார்கள், கும்பத்துக்கும் வைக்கிறார்கள். என் வீட்டிலும் அதுதான், ஐயரும் ஒன்றும் சொன்னதில்லை. கஸ்பர் வேதக்காரன். அவன் வீட்டில் தோரணம் கட்டுவதில்லை.

லீனாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, அருமைநாயகி என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, பிளாஸ்கில் இருந்து ரீ ஊற்றித் தந்தார். மண்டப வாடகை, மேளகாரரின் கூலி, சம்பந்தி வீட்டார் கேட்ட பலகாரத் தட்டுகள் என்று கதை போனது. எங்களுக்குப் பின்னால் மணி கிணுகிணு என்று விடாமல் கேட்டது.

"கேக்குதோ அண்ணை? தலையை ஆட்டுறா. தோரணம் பிடிச்சுப் போச்சு."

கஸ்பர் வைக்கோலோடு திரும்பி வந்தான். தூரத்திலேயே அவன் நடை நின்றது. தள்ளுவண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். லீனாவின் மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து சுருங்கின. விலா துருத்தியைப்போல அடித்தது. முன்கால் இரண்டும் நடுங்கின. கஸ்பர் வேலிக்குள்ளால் குனிந்து போய் அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தான். பல் முரசு செவ்வரத்தம்பூப்போலச் சிவந்து இருந்தது.

"என்ன திண்டவ? அண்ணை, என்ன திண்டவ?"

நான் மேல்சட்டத்தைப் பார்த்தேன். தோரணத்தின் பாதிக்கு மேல் வெறும் நூல்தான் தொங்கியது. அவள் மூச்சில் ஒரு வாசம் வந்தது, கிறிஸ்மஸ் கேக்குக்கு விடும் பாதாம் எசன்ஸ் வாசம்.

"இலை," என்றேன். "தோரணத்து இலை."

கூச்சல் கேட்டு டயனா வந்தாள். மிஞ்சிய தோரணத்தைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. ஒரே இழுவையில் அதை அறுத்து வேலிக்கு வெளியே எறிந்தாள். "லோரல்! இது குதிரைக்கு நஞ்சு. வாடினால் இன்னும் மோசம்," என்று சொல்லிக்கொண்டே மிருக வைத்தியருக்குப் போன் அடித்துச் சத்தமாக வைத்தாள். வைத்தியர் ஒரு பெண். வண்டியில் ஏறிவிட்டேன் என்றாள். அதோடு ஒரு கேள்வி கேட்டாள்: "எவ்வளவு தின்றது? எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்த மருந்தை எடுப்பது என்று முடிவு செய்யலாம். அந்த மருந்தே கூடினால் ஆபத்து."

வைக்கோல் வாங்கப் போயிருந்தவன் கஸ்பர். அவனுக்கு எப்படித் தெரியும்? டயனா என்னைப் பார்த்தாள். நான் அருமைநாயகியைப் பார்த்தேன்.

அவர் கார்ச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு மகனுடைய கலியாணம். இந்த இடத்தில் ஒரு உயிர் போனால், அதுவும் தன் கையால் கட்டிய மங்களப் பொருளால் போனால், ஹரோ முழுக்க என்ன கதைக்கும்? கார் பத்தடியில் நின்றது. ஏறிப் போயிருந்தால் ஒருவரும் தடுத்திருக்கமாட்டார்கள்.

"நூற்றெட்டு," என்றார். பிறகு பலமாகச் சொன்னார்: "நூற்றெட்டு இலை. நான்தான் கட்டினன். எண்ணி எண்ணித்தான் கட்டினன்."

நான் பாய்ந்து போய் மிஞ்சிய நூலை எடுத்தேன். சீட்டுக் காசு எண்ணிய விரல்கள் இவை, பிழைக்கமாட்டா. நாற்பத்தொன்று. நிலத்தில் கிடந்த துண்டுகளைச் சேர்த்தால் இன்னும் மூன்று. "அறுபத்துநாலு தின்றிருக்கிறது," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போனுக்குள் கத்தினேன். "எல்லையில் நிற்கிறது," என்றாள் வைத்தியர். "அசையவிடாதீர்கள். பயப்படவிடாதீர்கள். விழவும் விடாதீர்கள்."

கஸ்பர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். "ரூஹிக், லீனா. ரூஹிக்." அமைதியாக இரு என்று அர்த்தமாம். அவள் பின்பக்கம் ஒருமுறை சரிந்தது. அவன் தோளைக் கொடுத்தான். அந்தப் பாரம் என்ன சின்னப் பாரமோ? நானும் உள்ளே போய் மற்றப் பக்கம் முட்டுக்கொடுத்தேன். இந்த வயதிலும் அரிசி மூட்டை தூக்குகிறவன் நான். அவள் நெஞ்சு என் நெஞ்சுக்கு நேரே அடித்தது. சட்டைப் பையில் இருந்த பாஸ்போட் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நசிந்தது.

வைத்தியர் வந்து நரம்பில் ஊசி போட்டாள். பிறகு கையை நீட்டினாள். "பாஸ்போட்? மருந்தைப் பதியவேண்டும். யார் இதன் சொந்தக்காரர்?"

பாஸ்போட் என் பையில் இருந்து வந்ததால் அவள் என்னைப் பார்த்தாள். நான் கஸ்பரைக் காட்டினேன்.

"அவன். நான் அவனுக்குக் கடன் கொடுத்தவன்."

கூலியை அங்கேயே கட்டவேண்டும் என்றாள். முந்நூற்று எண்பது. கஸ்பரின் வங்கிக் காட்டை அந்த மெசின் இரண்டு தரம் துப்பியது. என் காட்டைக் கொடுத்தேன்.

"கஸ்பர், இது வேறை கணக்கு."

"ஓம் அண்ணை. வேறை கணக்கு," என்றான், குதிரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

இனிக் காத்திருக்கவேண்டியதுதான் என்றாள் வைத்தியர். நின்றால் பிழைப்பாள், விழுந்தால் எழும்பமாட்டாள். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அருமைநாயகியின் போன் அடித்தபடி இருந்தது. "பொம்பிளை வீட்டார் வந்திட்டினமோ? இருக்கச் சொல்லுங்கோ. நான் வாறன்." வாறன் வாறன் என்றாரே ஒழியப் போகவில்லை. வேலிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பட்டிக்கு வெளியே நின்றார். மணி ஒவ்வொரு தரம் கிணுங்கும்போதும் அவருடைய தோள் துள்ளியது.

லீனாவின் முழங்கால் இன்னொரு தரம் மடிந்தது. கஸ்பர் சிலுவை போட்டான். அவளுடைய காதுக்குள் என்ன சொன்னானோ, மடிந்த கால் மெல்ல நிமிர்ந்தது. அதற்குப் பிறகு மூச்சு இறங்கத் தொடங்கியது. ஒரு நேரம் அவள் கழுத்தை நீட்டி, வாளியை முகர்ந்து, சட்டன் தண்ணீரை இழுத்துக் குடித்தாள். கஸ்பர் அப்படியே சாணிக்குள் குந்தினான்.

"மூன்று நாளைக்கு ஆள் ஏற்றக்கூடாது. ரோட்டில் நடத்தவும் கூடாது," என்று சொல்லிவிட்டு வைத்தியர் போனாள். அருமைநாயகியும் காரில் ஏறினார்.

ஞாயிறு காலையில் திரும்பவும் வந்தார். தலையில் பூ, கழுத்தில் பாதி நகை, காலில் வீட்டுச் செருப்பு. லீனா புல்லை மேய்ந்துகொண்டு நின்றாள்.

"கடவுளே, சுகமாயிட்டா! தம்பி, வெளிக்கிடுத்துங்கோ. முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கு."

"ஏலாதக்கா."

"நிண்டு புல்லுத் தின்னுறா, பாருங்கோ. கிட்டத்தானே மண்டபம். என்ர பிள்ளை பாரமும் இல்லை, வத்தல்."

"வைத்தியர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

"இரண்டு மடங்கு தாறன். இப்பவே."

இரண்டு மடங்கு! என் கடன் தீர்ந்து, வைத்தியர் காசும் தீர்ந்து, மாதக்கணக்கில் வைக்கோலுக்கும் மிஞ்சும். கூட்டிக் கழிக்க எனக்குக் கடதாசி தேவையில்லை. "கஸ்பர், யோசி," என்றேன்.

"யோசிச்சிட்டன் அண்ணை." பிறகு அவரைப் பார்த்துச் சொன்னான்: "உங்கட மகன் மேலை இருக்கேக்கை, நடு றோட்டிலை இவ விழுந்தா என்னக்கா செய்வியள்?"

"இருநூறு சனம் வாசலிலை குதிரையைப் பாத்துக்கொண்டு நிக்கப்போகுது. நான் என்ன சொல்லுறது?"

"சுகமில்லை எண்டு சொல்லுங்கோ. ஏன் எண்டு சொல்லத் தேவையில்லை. நானும் சொல்லமாட்டன்."

அவருடைய முகம் சிவந்தது. "அப்ப காசும் இல்லை!" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவை அடித்துச் சாத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டினேன்.

"எங்கையண்ணை?"

"மண்டபத்துக்கு. வாசலிலை கதிரையைப் போட்டு இருக்கப்போறன். கெடுத்தது ஆர்? அவ. குதிரை வந்து ஆயத்தமாய் நிண்டதோ இல்லையோ? நிண்டது. காசை வைச்சிட்டு மாப்பிள்ளையை உள்ளை கூட்டிக்கொண்டு போகட்டும். தாச்சி குலசேகரம் ஆரெண்டு ஹரோவும் பாக்கட்டும்."

கஸ்பர் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம் அண்ணை. இண்டைக்கு வேண்டாம். நேற்று அவ வாய் திறக்காமல் காரிலை ஏறிப் போயிருந்தா லீனா இப்ப இல்லை. அவவின்ர ஒரே பிள்ளையின்ர கலியாணம். சனத்துக்கு முன்னாலை வெக்கப்படுத்தாதேங்கோ."

"நாளைக்குக் காலமை லொறி வரும். தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ சொல்லுறாய்?"

"ஓம்."

நான் செருப்பைக் கழற்றினேன். ஆனால் தவணை தவணைதான். அவனுக்கு முன்னாலேயே வியாபாரிக்குப் போன் அடித்து, லொறி இந்த முகாமுக்கு வரட்டும் என்று விலாசம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு தூரிகையை எடுத்து லீனாவின் வாலைச் சிக்கெடுக்கத் தொடங்கினான். வாங்குகிறவன் ஊத்தையாகப் பார்க்கக்கூடாது என்றான். குளம்புகளைக் கழுவினான். நெற்றியில் காய்ந்திருந்த குங்குமத்தை மட்டும் துடைக்கவில்லை. மண்டபம் இருந்த பக்கத்தில் இருந்து காற்று வந்தபோது மேளம் கேட்டது. கெட்டிமேளமும் கேட்டது. கஸ்பர் கழுத்துவாரில் இருந்து மணியை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். அது அவனுடைய மணி, குதிரையோடு விலைபோகாது.

பின்னேரம், பூச் சோடித்த கார் ஒன்று முகாமுக்குள் மெல்ல உருண்டு வந்தது. பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அருமைநாயகி இறங்கினார். பின்னால், தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தர்சிகன்.

"அங்கிள்," என்றான் அவன், பட்டியில் இருந்து தள்ளி நின்றபடி, "உண்மையாச் சொன்னா, தாங்ஸ். எனக்கு ஹோர்ஸ் எண்டாலே பயம். அம்மாவுக்குச் சொல்லேலாமல் ஒரு மாசமா நித்திரை இல்லை. நான் நடந்துதான் போனன். சூப்பரா இருந்தது."

"வாயை மூடடா," என்றார் தாய். கையில் இருந்த பையைத் திறந்து, ஒரு லட்டை எடுத்து லீனாவின் வாயை நோக்கி நீட்டினார்.

"கையை எடுங்கோ!" நானும் கஸ்பரும் ஒரே குரலில் கத்தினோம்.

அவர் திடுக்கிட்டு லட்டை மகனிடம் கொடுத்தார். பிறகு கஸ்பரின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, காலமை கோவத்திலை காசு இல்லை எண்டு சொல்லிப்போட்டன். மணவறையிலை நிக்கேக்கை கும்பத்தைப் பாத்தன். அதே இலை. சுத்திவர அதே இலை. அதுக்குப் பிறகு தாலி கட்டினதையே நான் சரியாப் பாக்கேல்லை. இந்தச் சீவனின்ரை மூச்சுத்தான் காதுக்குள்ளை கேட்டது." கைப்பையைத் திறந்தார். உள்ளே மொய் என்வலப்புகளில் இருந்து எடுத்த தாள்கள், சிலதில் மஞ்சள் பட்டிருந்தது. "கையை நீட்டுங்கோ. ஆயிரத்து இருநூறு."

"தங்கச்சி," என்றேன் நான், "வைத்தியருக்கு முந்நூற்று எண்பது."

"தெரியும் அண்ணை. நீங்கள் கேக்காமல் விடமாட்டியள் எண்டு அதையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தனான். உங்கட கையிலையே தரட்டோ?"

"வேண்டாம். கடன் அவன்ரை. அவன்ரை கையாலைதான் வரவேணும்."

அவர் கஸ்பரின் கையில் எண்ணி வைத்தார். கடைசித் தாளும் விழ, அவன் அதை எனக்கு எண்ணித் தர என் பக்கம் திரும்பினான். இவ்வளவு எண்ணியதைத் திரும்ப ஏன் எண்ணவேண்டும் என்று தர்சிகன் கேட்டான். எண்ணாமல் நான் காசு வாங்குவதில்லை. லீனாவின் பாஸ்போட்டைப் பையில் இருந்து எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை விரித்து நீட்டினேன்.

கஸ்பர் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கினான். காசு எண்ணுவதும் அவனுக்கு ஜெர்மனில்தான். "ஐன்ஸ். ஸ்வை. ட்றை." ஒவ்வொரு தாளாக வந்து என் உள்ளங்கையில் படுத்தது. கடைசித் தாள் விழும்வரை நான் விரலை மடக்கவில்லை.